திறக்க மறுக்கும் சிறு கதவு

கடந்த ஐப்பசி மழையின்போது ஒரு நள்ளிரவு. நெருங்கிய உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்குக்காகச் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் சென்றுகொண்டிருந்தோம். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் எரிபொருள் குறைந்துவிட்டதைக் காட்டும் விளக்கு எரிந்தது. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் இருக்கும் நெம்புகோலை இழுத்தேன். பெட்ரோல் டேங்கின் கதவு திறக்கவில்லை. மீண்டும் மீண்டும் இழுத்தும் பயனில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பத் தொடங்கின. பங்க் ஊழியர் உள்ளே சென்று ஒரு பெரிய திருப்புளியை எடுத்து வந்தார்.

அப்போது டீசல் நிரப்பக் காத்திருந்த லாரியிலிருந்து வயதான ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்தார். “தம்பி, அதைக் குத்தாதீங்க. நீங்க உள்ள உக்காந்து லீவரை இழுத்துப் பிடிச்சுக்குங்க, நான் இங்கேருந்து அமுக்குறேன்” என்றார். நான் இழுத்துப் பிடித்தேன். அவர் உள்ளங்கையால் கதவை ஒருமுறை அழுத்திக் கையை எடுத்தார். கதவு திறந்துகொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விடிவதற்குள் திருச்சி போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த வாரம் காரைப் பழுதுபார்ப்பு மையத்துக்குக் கொண்டுசென்றபோது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சில ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பி நானே பார்த்தபோது, கீல் துருவேறி வறண்டிருந்தது. அதனோடு இருந்த சிறிய பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. பழைய பல்துலக்கி ஒன்று, சில சொட்டு எண்ணெய், அரை மணி நேரம் ஆகியவையே அதைச் சரிசெய்யப் போதுமானவையாக இருந்தன. இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேர வேலையைப் பற்றியது. அவ்வளவு எளிய வேலை ஏன் கார் வைத்திருப்போரில் பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது என்பதைப் பற்றியதும்கூட.

கதவும் மூடியும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காரின் பக்கவாட்டில், உடற்பகுதியின் நிறத்திலேயே இருக்கும் தகடு கதவு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு கிண்ணம் போன்ற பள்ளமும், அதன் நடுவே திருகித் திறக்கும் மூடியும் இருக்கும். பெட்ரோல் ஆவி வெளியேறாமல் காப்பது இந்த உள்மூடி. வெளிக்கதவின் வேலை மூடியை மறைப்பதும், அன்னியர் கை படாமல் காப்பதும்தான். இங்கே நாம் பேசுவது வெளிக்கதவைப் பற்றி.

எரிபொருள் நிரப்பும் வாயை மறைத்து வைக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் அது பின்விளக்குக்கு அடியில் ஒளிக்கப்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு ஷெவர்லே கார்களில் இடப்பக்கப் பின்விளக்கையே கதவு போலத் திறக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பல கார்களில் பின்புற எண் பலகைக்குப் பின்னால் அது இருந்தது. அழகுக்காக மறைக்கத் தொடங்கியது, பெட்ரோல் திருட்டைத் தடுக்கும் பூட்டாகவும் மாறியது. மறைப்பும் பூட்டும் வந்தபோதே அவை சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் சேர்ந்தே வந்தது.

நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் மூன்று அமைப்புகளைக் காணலாம். முதலாவது, நெம்புகோல் அமைப்பு. இருக்கையின் ஓரத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால், தரைக்கு அடியில் ஓடும் கேபிள் ஒன்று டேங்க் கதவின் தாழ்முனையைப் பின்னுக்கு இழுக்கும். மிதிவண்டியின் பிரேக் கேபிளைப் போன்றதுதான் இது. உறைக்குள் ஓடும் எஃகு இழை, அவ்வளவே. இரண்டாவது, கதவை ஒருமுறை அழுத்தினால் திறந்து, மறுமுறை அழுத்தினால் மூடிக்கொள்ளும் அமைப்பு. கார் கதவுகளின் பூட்டு திறந்திருந்தால் மட்டுமே இது இயங்கும். பூட்டிய நிலையில் சிறிய மின்மோட்டார் ஒன்று இதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். மூன்றாவது, உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் மின்விசையால் தாழ் விடுபடும் அமைப்பு.

மூன்றிலும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. தாழ் விடுபடுவது வேறு, கதவு வெளியே எழும்புவது வேறு. தாழை விடுவிப்பது கேபிளோ மோட்டாரோ செய்யும் வேலை. கதவை வெளியே தள்ளுவது ஸ்பிரிங்கின் வேலை. இவற்றில் எது தவறினாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கதவு திறக்கவில்லை என்று மட்டுமே தெரியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பழுதில் பாதி புரிந்துவிடும்.

ஏன் சிக்கிக்கொள்கிறது?

முதற்காரணம் தூசியும் ஈரமும். கதவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தின் அடியில் நீர் வடிவதற்கென ஒரு சிறு துளை இருக்கும். மழைநீரும், கார் கழுவும் நீரும், சிந்தும் எரிபொருளும் அதன் வழியாக வெளியேற வேண்டும். புழுதி படிந்து அந்தத் துளை அடைபட்டால் நீர் பள்ளத்திலேயே தேங்கும். தேங்கிய நீர் கீலின் அச்சைத் துருப்பிடிக்க வைக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்தத் துருவை விரைவுபடுத்தும். நீரை அதிவேகத்தில் பீய்ச்சிக் கழுவும்போதும் சேறு கதவின் இடுக்குகளுக்குள் நன்றாகப் புகுந்துவிடும்.

இரண்டாவது, ஸ்பிரிங் தளர்வது. ஒவ்வொரு முறை கதவை மூடும்போதும் மடங்கி, ஆண்டுக்கணக்கில் மடங்கியபடியே இருப்பதால் அது விசையை இழக்கிறது. கீல் வறண்டிருந்தால் தளர்ந்த ஸ்பிரிங்கால் அந்த உராய்வை மீறிக் கதவைத் தள்ள முடியாது. நெம்புகோலை இழுக்கும் கணத்தில் தாழ் விடுபடுகிறது. கதவு அசையாமல் நிற்கிறது. நெம்புகோலை விட்டதும் தாழ் மீண்டும் பற்றிக்கொள்கிறது. பத்து முறை இழுத்தாலும் பத்து முறையும் இதுவே நடக்கும்.

மூன்றாவது, கேபிளில் ஏற்படும் கோளாறு. கேபிள் நாளடைவில் நீண்டுவிடலாம், உறைக்குள் துருப்பிடிக்கலாம், முனை கழன்றுவிடலாம். நாமே உண்டாக்கும் கோளாறுகளும் உண்டு. தரை முழுவதையும் மூடும் தடித்த விரிப்புகளை நம்மவர்கள் விரும்பிப் போடுகிறார்கள். அந்த விரிப்போ இருக்கை உறையோ நெம்புகோலின் அடியில் புகுந்து, அது முழுமையாக மேலே எழும்பாமல் தடுக்கக்கூடும். டிக்கியில் பொருத்தப்படும் ஒலிபெருக்கிப் பெட்டியோ, திணித்து வைக்கப்படும் சாமான்களோ பக்கச்சுவரை அழுத்திக் கேபிளை நசுக்கவும் கூடும்.

நான்காவது, கதவின் பொருத்தம் மாறுவது. சிறு விபத்துக்குப் பிறகு தகட்டை நிமிர்த்திப் புது வண்ணம் பூசிய கார்களில் கதவின் விளிம்பு உரசுவதுண்டு. மெருகுப் பசை விளிம்பில் காய்ந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. கதவு சற்றே சாய்ந்திருந்தால் அதன் முழு அழுத்தமும் தாழ்முனையின் மீது விழும். அந்த அழுத்தத்தில் தாழ்முனை நகராது. லாரி ஓட்டுநர் கதவை உள்நோக்கி அழுத்தியதன் பொருள் இதுதான். உள்ளே அழுத்தும்போது தாழ்முனையின் மேலுள்ள சுமை நீங்குகிறது, தாழ் நழுவுகிறது. கையை எடுத்ததும், அழுத்தப்பட்ட ஸ்பிரிங் கதவை வெளியே தள்ளுகிறது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

பங்கில் நிற்கும்போது கதவு திறக்காவிட்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காரின் எல்லாக் கதவுகளின் பூட்டையும் திறந்துவிட வேண்டும். அழுத்தித் திறக்கும் அமைப்புள்ள கார்களில் ஓட்டுநர் கதவின் பூட்டு மட்டும் திறந்திருப்பது போதாமல் போகலாம். சாவியிலுள்ள திறப்புப் பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதே பல நேரங்களில் போதும்.

நெம்புகோல் அமைப்பென்றால் இருவர் தேவை. ஒருவர் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கீலுக்கு எதிர்ப்புறமுள்ள விளிம்பின் அருகே உள்ளங்கையால் அழுத்தி விட வேண்டும். அப்படியும் எழும்பாவிட்டால், நெம்புகோல் இழுபட்ட நிலையிலேயே, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்லத் தூக்கலாம். தனியாக இருப்பவர், மடித்த துண்டு ஒன்றை நெம்புகோலுக்கு அடியில் செருகி அது கீழே இறங்காதபடி செய்துவிட்டுப் பின்னால் செல்லலாம்.

நெம்புகோலை இழுக்கும்போது கை உணர்வதும் ஒரு தகவல்தான். எந்தத் தடையும் இல்லாமல் தளர்ந்து வந்தால், கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது முனை கழன்றிருக்கலாம். மிகவும் இறுக்கமாக இருந்தால், கேபிளோ தாழோ துருவேறியிருக்கலாம். அப்போது வலுவாக இழுத்தால் இருக்கும் கேபிளும் அறுந்துவிடும். வழக்கம்போல் இழுபட்டும் கதவு எழும்பாவிட்டால் பெரும்பாலும் ஸ்பிரிங்கும் கீலுமே காரணம்.

இவை எதுவும் பயன்தராதபோது உதவுவது டிக்கிக்குள் இருக்கும் ஒரு சிறு கயிறு. பல கார்களில், டேங்க் கதவு இருக்கும் அதே பக்கத்தில், டிக்கியின் உட்புறச் சுவரில், ஒரு சிறு மூடிக்கோ விரிப்புக்கோ பின்னால், அவசரத் திறப்புக்கான கயிறோ பிளாஸ்டிக் கைப்பிடியோ இருக்கும். அதை மெதுவாக, நேராக இழுத்தால் தாழ் நேரடியாக விடுபடும். எல்லாக் கார்களிலும் இது இருப்பதில்லை. நம் காரில் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதைப் பகலில், வீட்டு வாசலில், ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நள்ளிரவில் கைப்பேசி வெளிச்சத்தில் தேடும் அவதியைத் தவிர்க்கும்.

செய்யக் கூடாதது, திருப்புளியைச் செருகி நெம்புவது. அப்படிச் செய்தால் மூன்று இழப்புகள் நேரும். வண்ணம் பெயர்ந்து அந்த இடத்தில் துரு தொடங்கும். மெல்லிய தகட்டாலான கதவு வளைந்து, பிறகு ஒருபோதும் சரியாகப் பொருந்தாமல் போகும். இன்று பல கார்களில் பிளாஸ்டிக்கால் செய்யப்படும் தாழ் உடைந்துவிடும். சில சொட்டு எண்ணெயால் தீர்ந்திருக்க வேண்டிய பழுது அதன்பின் உண்மையிலேயே முழு செட்டையும் கேட்கும்.

அரை மணி நேர வேலை

ஒருமுறை திறந்துவிட்ட கதவு அடுத்த முறையும் திறக்கும் என்று நம்பி விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அன்றோ மறுநாளோ வீட்டிலேயே நிரந்தரமாகச் சரிசெய்துவிட வேண்டும். இதைப் பங்கில் செய்யக் கூடாது. பெட்ரோலின் ஆவி, வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போதும் தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே காற்றோட்டமான திறந்தவெளியில், இயந்திரத்தை நிறுத்தி, அருகில் விளக்கோ புகையோ இல்லாமல் செய்ய வேண்டும். உள்மூடி இறுக்கமாக மூடியே இருக்க வேண்டும்.

முதல் வேலை, பார்ப்பது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொருவரை நெம்புகோலை இழுக்கச் சொல்லித் தாழ்முனையைக் கவனிக்க வேண்டும். இழுக்கும்போது அது முழுமையாக உள்ளே செல்ல வேண்டும். விட்டதும் தானாகவே வெளியே வர வேண்டும். பாதி மட்டுமே உள்ளே சென்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது நெம்புகோலை ஏதோ தடுக்கிறது. உள்ளே சென்றது திரும்பி வராவிட்டால் தாழ் துருவேறியிருக்கிறது. இரண்டும் சரியாக நடந்தால் தாழில் குறையில்லை. பார்வையைக் கீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் திருப்பலாம்.

இரண்டாவது, சுத்தம் செய்வது. பள்ளத்தில் படிந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்து, கீலையும் தாழையும் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். நீர்வடி துளையில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி அல்லது நைலான் இழையை விட்டு அடைப்பை நீக்கி, ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றிப் பார்க்கலாம். நீர் தேங்காமல் காரின் அடியில் சொட்டினால் வழி திறந்துவிட்டது என்று பொருள். கூர்மையான கம்பியை அழுத்தித் திணித்தால் அடியிலுள்ள குழாய் கிழியக்கூடும். சுத்தம் செய்தபின் நன்றாக உலர விட வேண்டும். அழுக்கின் மேலேயே எண்ணெய் விட்டால் இரண்டும் கலந்து பசையாகி, சில மாதங்களில் முன்னைவிட இறுகிவிடும்.

மூன்றாவது, எண்ணெய். இங்கே ஒரு பொதுவான தவறு நிகழ்கிறது. துரு நீக்குவதற்காக நாம் பயன்படுத்தும் டபிள்யூடி 40 என்ற தெளிப்பான் 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டும் முயற்சியில் உருவானது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதே அந்தப் பெயரின் பொருள். ஈரத்தை விரட்டவும், இறுகிய கீலை இளக்கவும் அது மிக நன்று. ஆனால் நெடுநாள் நிலைத்து நிற்கும் மசகாக அதை நம்பக் கூடாது. கீலை அதனால் இளக்கி, கதவை இருபது முப்பது முறை திறந்து மூடி, வடியும் துருவைத் துடைத்தபின், நிலைத்து நிற்கும் மசகைத் தனியாக இட வேண்டும். கீல் அச்சுக்குத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். தாழ்முனைக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் சிலிக்கோன் தெளிப்பான் ஏற்றது. ரப்பர் வளையத்தின் மீது பெட்ரோலிய எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் அது ஊதி நைந்துபோகும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியவை நாளடைவில் பிசுபிசுத்து இறுகுவதால் கூடவே கூடாது.

நான்காவது, ஸ்பிரிங். கீலோடு சேர்ந்த பட்டை ஸ்பிரிங் என்றால், அதைக் குறட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளிப்புறமாக வளைத்தால் இழந்த விசை பெருமளவு திரும்பும். அதற்குமேல் வளைத்தால் ஒடியும். துருவால் அரிக்கப்பட்டிருந்தால் வளைக்க முயலாமல் புதிதாக மாற்ற வேண்டும். கதவைத் தள்ளுவதற்கு ரப்பர் முனை இருக்கும் கார்களில் அது தேய்ந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஐந்தாவது, கேபிள். நெம்புகோலைச் சுற்றியுள்ள விரிப்பை விலக்கி, அது முழு அளவுக்கு எழும்புகிறதா என்று பார்ப்பதே பல நேரங்களில் போதும். டிக்கியின் பக்கச்சுவர் எளிதில் கழற்றக்கூடியதாக இருந்தால், கேபிளின் முனை தாழோடு சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கலாம். கேபிள் அறுந்திருந்தால் அது மெக்கானிக்கின் வேலை. இருக்கையையும் தரைவிரிப்பையும் கழற்றாமல் புதிய கேபிளை இழுக்க முடியாது.

மின் அமைப்புள்ள கார்களில் காதும் ஒரு கருவி. பொத்தானை அழுத்தும்போதோ, பூட்டைத் திறக்கும்போதோ டேங்க் கதவுக்கு அருகில் ‘டக்’ என்ற சிறு ஒலி கேட்க வேண்டும். ஒலி கேட்டும் கதவு திறக்காவிட்டால் தாழோ கீலோதான் குறை. மேற்சொன்ன வழிகளே தீர்வு. ஒலியே கேட்காவிட்டால் கையேட்டில் குறிக்கப்பட்ட ஃபியூஸைப் பார்க்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஒலி இல்லையென்றால் மோட்டாரும் மின்கம்பியும் அறிந்தவரிடம் விட்டுவிடுவதே முறை. சிஎன்ஜி பொருத்தியே விற்பனைக்கு வரும் சில கார்களில் டேங்க் கதவு திறந்திருந்தால் இயந்திரம் இயங்காதபடி ஒரு மின்சுவிட்ச் வைத்திருப்பார்கள். அந்தக் கார்களில் கதவின் தாழை வளைப்பதோ கழற்றுவதோ பாதுகாப்பு ஏற்பாட்டையே குலைத்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கதவு அவ்வப்போது முரண்டு பிடிக்கத் தொடங்கினால், டேங்க் காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைய பெட்ரோல் கார்களில் எரிபொருள் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. கதவு திறக்காது என்ற அச்சத்தில் பெட்ரோல் நிரப்பாமலே வண்டியை ஓட்டினால், சிறு கதவின் பழுது பெரும் பம்பின் பழுதாக வளரும்.

முழு செட் என்னும் பதில்

இவ்வளவு எளிய பழுதுக்கு முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்ற பதில் ஏன் வருகிறது? அதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கதவு, கீல், ஸ்பிரிங் ஆகியவற்றை ஒரே பாகமாக வார்த்து, ஒரே பாக எண்ணில் விற்கும்போது, ஸ்பிரிங்கை மட்டும் கேட்டு வாங்க வழியில்லை. பழுதுபார்ப்பு மையத்தின் ஊழியருக்கும், ஒரு மணி நேரம் சுத்தம் செய்து எண்ணெயிடுவதைவிடப் புதிய பாகத்தைப் பொருத்தி அனுப்புவது விரைவானது. பொறுமையாகப் பழுதுபார்த்தால் அதற்குக் கட்டணம் கேட்க அவரது பட்டியலில் இடமில்லை.

இது நம் நாட்டில் முன்பே விவாதிக்கப்பட்ட விஷயம்தான். உதிரிபாகங்களும் பழுதுநீக்கும் தகவல்களும் வெளிச்சந்தையில் கிடைக்காதபடி தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும் அது கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’க்கான வரையறைகளை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் பார்வையில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் நாளில், இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

உரிமை ஏட்டில் இருப்பது முதற்படி. அதைப் பயன்படுத்தும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும் என்பது அடுத்த படி. காரோடு தரப்படும் கையேட்டில் அவசரத் திறப்புக் கயிற்றைப் பற்றிய குறிப்பு இருக்கக்கூடும். ஆனால் சில நூறு பக்கங்கள் கொண்ட, பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ள அந்தப் புத்தகம் உறை பிரிக்கப்படாமலேயே முன்பெட்டியில் கிடக்கிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்களில் பலருக்கு அது படிக்கக்கூடிய மொழியிலும் இல்லை. கதவு திறக்காமல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு ஒரு சவாரியின் இழப்பு. அவசரகாலக் குறிப்புகளையாவது நாலைந்து பக்கங்களில் தமிழில் அச்சிட்டுத் தருவது நிறுவனங்களுக்குப் பெரும் செலவல்ல.

சிறு நினைவூட்டல் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இதே கதவோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. நம் காரின் எரிபொருள் மானியில், பங்க் படத்துக்கு அருகில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். டேங்க் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஜிம் மொய்லன் 1986ஆம் ஆண்டு முன்வைத்த யோசனை அது. நிறுவனத்தின் பொதுக் கார் ஒன்றுக்கு மழையில் எரிபொருள் நிரப்பச் சென்று, கதவு மறுபக்கம் இருந்ததால் நனைந்துபோனவர் அவர். அந்த அனுபவத்தை ஒரு குறிப்பாக எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். இன்று உலகெங்கும் கார்களில் அந்த அம்பு இருக்கிறது. அதைப் போலவே, அவசரத் திறப்புக் கயிறு இருக்கும் இடத்தை டிக்கியின் உட்சுவரில் ஒரு சிறு படமாக ஒட்டிவிட்டால் போதும். அதற்கு மொழியும் தேவையில்லை.

அதுவரை நம்மால் ஆவது ஒன்றுண்டு. ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்பும் பின்பும், அந்தச் சிறு கதவைத் திறந்து, நீர்வடி துளையைச் சுத்தம் செய்து, கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அவசரக் கயிறு எங்கே இருக்கிறது என்று குடும்பத்தில் கார் ஓட்டும் எல்லோருக்கும் காட்டிவைப்பது. காரின் விலையில் அந்தக் கதவுக்கு உரிய பங்கு மிகச் சிறியது. ஆனால் விக்கிரவாண்டியில் அந்த இரவு திருச்சிக்குப் போக முடியுமா, முடியாதா என்பதை அதுதான் முடிவுசெய்தது. அன்று எங்களிடம் இல்லாதது பணமோ உதிரிபாகமோ அல்ல. அந்த லாரி ஓட்டுநரிடம் இருந்த ஒரு சிறு அறிவு. அவர் அதை எங்களிடம் விட்டுச் சென்றார். அது அடுத்தவருக்கும் போய்ச் சேரட்டும்.